கண்டிப் பஞ்சுக்குக் கணக்குண்டு. கல்லூரிப் பிள்ளைக்கு இல்லை!

இராசபாளையத்து நூற்பாலை ஒன்றினுள் ஒரு கண்டிப் பஞ்சு போகிறது. எத்தனை கிலோ நூலாக வந்தது, எத்தனை கிலோ கழிவாகப் போயிற்று, சென்ற மாதத்தைவிடக் கழிவு கூடிற்றா குறைந்ததா, கூடிற்றென்றால் எந்தப் பொறியில், எவர் பொறுப்பில் கூடிற்று — அத்தனைக்கும் ஆலையில் ஏடு உண்டு. கழிவு கூடினால் மேற்பார்வையாளர் விளக்கம் தந்தாக வேண்டும். பஞ்சின் விலை அப்படி!

பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் கடந்தால் திருவில்லிபுத்தூர். அங்கே கோயில் உண்டியல் திறக்கும் நாளில் தாள் தனியே, நாணயம் தனியே பிரித்துக் கண்காணிப்போடு எண்ணுகிறார்கள். ஆண்டாளுக்கு விழுந்த காசில் ஒன்றும் தவறக்கூடாது. தவற வேண்டா, நமக்கு அதில் வழக்கில்லை.

நம் வழக்கு வேறு. இந்த இரண்டு ஊர்களிலிருந்தும், இவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களிலிருந்தும் ஆண்டுதோறும் கல்லூரி வாயிலுக்குள் நுழைகின்ற பிள்ளைகளில் எத்தனை பேர் பட்டத்தோடு வெளியே வந்தனர்? கேட்டுப் பாருங்கள், தோழர்களே! சேர்ந்தவர் பட்டியலைக் கல்லூரி காட்டும். தேர்வு முடிவைப் பல்கலைக் கழகம் காட்டும். இரண்டையும் அருகருகே வைத்து, பெயர் பெயராக விரல் ஓட்டி, “இவன் எங்கே? இவள் எங்கே?” என்று கேட்கும் ஏடு மக்கள் மன்றத்தின் முன் வைக்கப்படுவதில்லை.

விளம்பரப் பலகைகளில் ஒரு வித்தை உண்டு. “தேர்ச்சி விழுக்காடு 90” என்று கொட்டை எழுத்தில் எழுதுவார்கள். எடுத்துக்காட்டாக ஒரு வகுப்பைக் கொள்வோம். 60 பேர் சேர்ந்தனர். 20 பேர் வழியிலேயே நின்றுவிட்டனர். இறுதித் தேர்வு எழுதியவர் 40 பேர்; தேறியவர் 36 பேர். எழுதியவரைக் கொண்டு வகுத்தால் 90 விழுக்காடு. சேர்ந்தவரைக் கொண்டு வகுத்தால் 60. காணாமற்போன 20 பேர், வகுக்கும் எண்ணிலிருந்தே துடைத்தெறியப்பட்டனர்! கொடுமை அதனினும் பெரிது. தள்ளாடும் மாணவனைத் தாங்கிப் பிடித்தால் விழுக்காடு சரியக்கூடும். அவன் தானாகவே நின்றுவிட்டாலோ விழுக்காடு ஏறும். ஏழைப் பிள்ளை வெளியேறுவதால் நிறுவனத்தின் புகழ் கூடுகின்ற இந்தக் கணக்கை எந்தச் சாணக்கியன் வகுத்தானோ!

தமிழ்நாடு உயர்கல்வியில் முன்னிற்கிறது என்பதில் நமக்கு ஐயமில்லை, பெருமையே உண்டு. 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்வி ஆய்வுப்படி, கல்லூரி செல்லும் அகவையினர் 100 பேருக்குத் தமிழ்நாட்டில் சேர்க்கை 47. இந்திய அளவில் 28.4. இந்த 47 வானத்திலிருந்து உதிரவில்லை. வகுப்புவாரி உரிமை ஆணையை நீதிமன்றங்கள் செல்லாதென்றபோது சென்னை மாநிலத்தின் முதலமைச்சராக இருந்தவர் இதே இராசபாளையத்தைச் சேர்ந்த குமாரசாமி ராஜா. தெருவில் திரண்டது தமிழகம், பெரியார் முழங்கினார், 1951இல் அரசியல் சட்டமே முதன்முறையாகத் திருத்தப்பட்டது. கதவு அப்படித் திறந்தது. ஆனால் கதவைத் திறந்தவர்களின் வழிவந்த நாம், உள்ளே போனவர்களை எண்ணிவிட்டு ஓய்ந்துவிட்டோமோ என்பதே இன்றைய கேள்வி. மேற்சொன்ன ஆய்வு, ஓராண்டில் படித்துக்கொண்டிருப்போரை எண்ணுகிறது, தேறியோரையும் எண்ணுகிறது, ஓராண்டில் சேர்ந்த ஒரே கூட்டத்தைப் பின்தொடர்ந்து, அதில் எவர் கரையேறினர், எவர் நடு ஆற்றில் நின்றனர் என்று சொல்வதில்லை.

எவர் நிற்கிறார்? பள்ளியில் பாடம் சொல்லும் நமக்கு அந்த முகங்கள் தெரியும். சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி நெய்யும் தறிக்காரரின் மகன். பால்கோவா அடுப்பில் நாளெல்லாம் கிண்டி நிற்பவரின் மகள். மலையடிவாரத் தோப்பில் காவலிருப்பவரின் பேரன். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி மிதித்தவர்கள். பன்னிரண்டாண்டு தமிழில் பயின்றவன், முதல் நாளே ஆங்கிலத்தில் இயற்பியல் கேட்கிறான். புரியவில்லை என்று சொல்ல நாணுகிறான். முதற் பருவத்தில் இரண்டு தாள் விழுகின்றன. பகுதி இரண்டு ஆங்கிலமும் சேர்ந்து விழுந்தால் மூன்று. இதற்கு நம் நாட்டார் ‘அரியர்’ என்று பெயர் சூட்டியுள்ளனர். அரியர் என்றால் பாக்கி. கடன்காரன் வட்டி கட்டுவதுபோல் ஒவ்வொரு பருவமும் அந்தத் தாளுக்கு மறுபடி கட்டணம் கட்ட வேண்டும். கட்டுவதற்காக ஆலையில் இரவு முறைக்குப் போகிறான். இரவு விழித்தவன் பகலில் வகுப்புக்கு வருவதில்லை. வருகைப் பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே இறங்குகிறது. அதற்கொரு தண்டம். தண்டம் கட்டாதவனுக்குத் தேர்வு நுழைவுச் சீட்டு இல்லை. மூன்றாம் ஆண்டில் அவன் இரவு முறையிலும் இருக்கிறான், பகல் முறையிலும் இருக்கிறான். வகுப்பில் மட்டும் இல்லை.

மூன்றாண்டையும் முழுதாக முடித்துவிட்டு, விழுந்த ஒரு தாளால் பட்டம் பெறாதவர்களையும் நாம் அறிவோம். இவர்கள் வேலை விண்ணப்பத்தில் என்னவென்று எழுதுவார்கள்? பட்டதாரி என்று எழுத உரிமையில்லை. மூன்றாண்டுக் கட்டணமும், மூன்றாண்டு இளமையும், அம்மாவின் தோடும் அந்த ஒரு தாளுக்குள் புதைந்து கிடக்கின்றன.

இந்தப் புண்ணுக்கு டில்லி ஒரு மருந்து கண்டுபிடித்திருக்கிறது! 2020இல் அறிவித்த தேசியக் கல்விக் கொள்கையிலே, கல்லூரிக்குப் பல வாயில்கள் வைத்தார்கள். உள்ளே வரப் பல வாயில். வெளியே போகவும் பல வாயில். ஓராண்டில் போனால் சான்றிதழ், ஈராண்டில் போனால் பட்டயம், நின்று முடித்தால் பட்டம். ஈட்டிய மதிப்பெண் புள்ளிகள் வங்கிக் கணக்கில் இருக்குமாம். ஏழாண்டுக்குள் திரும்பி வந்து எடுத்துக்கொள்ளலாமாம். கேட்கக் கேட்கத் தேன்! ஆனால் ஓராண்டில் கிளம்புகிறவன் எவன்? வழக்கறிஞரின் மகனா? ஆலை முதலாளியின் மகளா? அவர்கள் இறுதி வாயில் வரை சென்று, கடல் கடந்தும் செல்வர். முதல் வாயிலில் வெளியேறுகிறவன் நம் தறிக்காரரின் மகன்தான். நேற்று வரை அவனை ‘இடைநின்றவன்’ என்றோம். அச்சொல்லில் ஒரு குற்றச்சாட்டாவது இருந்தது. ஏன் நின்றான் என்று எவரேனும் கேட்க இடமிருந்தது. இன்று அவன் கையில் ஒரு தாளைத் திணித்து, ‘சான்றிதழ் பெற்றவன்’ என்று வழியனுப்பலாம். நோய்க்கு மருந்து தராமல் நோயின் பெயரை மாற்றும் வைத்தியம் இது!

1953இல் இராசகோபாலாச்சாரியார் அரைநாள் பள்ளி, அரைநாள் அப்பன் தொழில் என்றார். குலக்கல்வி என்று நாடு கொதித்தது. அடுத்த ஆண்டே, இம்மாவட்டத்து விருதுநகரில் பிறந்த காமராசர் பொறுப்பேற்றதும் அத்திட்டம் குப்பைக்குப் போயிற்று. அன்று அரைநாள் பள்ளி. இன்று அரைப் பட்டம். அன்றாவது கட்டாயம் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். இன்று விருப்பம் என்கிறார்கள்.

விருப்பம்! அந்தச் சொல்லை நாடாளுமன்றத்திலேயே பயன்படுத்தினார்கள். 2023 டிசம்பரில் ஒன்றியக் கல்வித்துறை இணையமைச்சர் மக்களவையில் ஒரு கணக்கு வைத்தார். முந்தைய ஐந்தாண்டுகளில் மத்தியப் பல்கலைக் கழகங்களிலிருந்தும், ஐ.ஐ.டி., ஐ.ஐ.எம். நிறுவனங்களிலிருந்தும் வெளியேறிய பிற்படுத்தப்பட்ட, ஆதிதிராவிட, பழங்குடி மாணவர் 13,626 பேர். காரணம் கேட்டால், இம்மாணவர்களுக்கு வாய்ப்புகள் பல உண்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாமே மாறிச் செல்கின்றனர் என்ற பொருளில் விடை. பழங்குடிப் பிள்ளை ஐ.ஐ.டி.யை உதறிவிட்டு அதைவிட உயர்ந்த மாளிகைக்குக் குடிபோயிற்று போலும்! 2015இல் ரூர்க்கி ஐ.ஐ.டி., மதிப்பெண் குறைவென்று 70க்கு மேற்பட்ட முதலாண்டு மாணவர்களை ஒரே மூச்சில் வெளியேற்றியது. ஒதுக்கீட்டில் வந்தவர்களே அவர்களில் மிகுதி. எதிர்ப்பு எழுந்தபின் திரும்பச் சேர்த்துக்கொண்டது. அதுவும் ‘விருப்பம்’ தானா?

எதிர்ப்பு என்றதும் நினைவுக்கு வருகிறது. 2018 சனவரியில் இராசபாளையம் மேடையில் கவிஞர் வைரமுத்து ஆண்டாளைப் பற்றிப் பேசிய ஒரு வரிக்காக எத்தனை ஆர்ப்பாட்டம்! திருவில்லிபுத்தூரில் ஜீயர் உண்ணாநோன்பே இருந்தார். ஒரு வரிக்கு அத்தனை சீற்றம். அதே தெருக்களில் பட்டமின்றித் திரும்பி வந்து, பழைய தறியில் மறுபடி அமர்ந்த பிள்ளைகளுக்காக ஒருவேளைச் சோற்றை எவரேனும் துறந்ததுண்டா?

டில்லியையும் மடத்தையும் மட்டும் சாடிவிட்டு நம் வீட்டுக் கூரையைப் பாராதிருப்பது நேர்மையாகாது. 2020 ஆகஸ்டில், நோய்த்தொற்றைக் காரணங்காட்டி, கட்டணம் கட்டியிருந்தால் போதும், அரியர் தாள்கள் அனைத்தும் தேர்ச்சி என்று அன்றைய தமிழ்நாட்டு ஆட்சி அறிவித்தது. ஊரெங்கும் சுவரொட்டி, மாலை, பாராட்டு! தொழில்நுட்பக் கல்விக் குழு மறுத்தது; வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது; தேர்வு நடத்தியே ஆகவேண்டும் என்றாயிற்று. விழுந்தவனைத் தூக்கி நிறுத்தக் கைகொடுக்காமல், ‘நீ விழவே இல்லை’ என்று சொல்லி ஏய்க்கும் அரசியல் அது. நம் பிள்ளைக்கு இலவச மதிப்பெண் வேண்டா. ஆங்கிலம் புரியும்வரை மாலையில் ஒரு மணிநேரம் சொல்லித்தர ஓர் ஆசிரியர் வேண்டும்.

ஆசிரியர் எங்கே? நிலையான இடங்களை நிரப்பாமல் ‘கௌரவ விரிவுரையாளர்’ என்று அமர்த்துகிறார்கள். கௌரவம் பெயரில் மட்டும்! விருதுநகர் மாவட்டத்துக் கல்லூரிகளுக்குத் தாயாக, 1966இல் தோன்றி 1978இல் காமராசர் பெயரைப் பெற்ற மதுரைப் பல்கலைக் கழகமோ, 2023, 2024ஆம் ஆண்டுகளில் ஊதியமும் ஓய்வூதியமும் உரிய நாளில் வழங்க வழியின்றித் தவித்தது. தாயே பட்டினி என்றால் பிள்ளைக்குப் பால் ஏது?

செய்யக் கூடாததா இது? அமெரிக்காவில் 1990இல் ஒரு சட்டம் இயற்றினர். ஓராண்டில் சேர்ந்தோரில் எத்தனை பேர் பட்டம் பெற்றனர் என்பதைக் கல்லூரிகள் வெளியிட்டாக வேண்டும். அட்லாண்டா நகரின் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக் கழகம் பொதுப் பணத்தில் நடப்பது; ஏழைகளும் கறுப்பின மக்களும் நிறைந்தது. 2003ஆம் ஆண்டுக் கணக்குப்படி, அங்கே சேர்ந்த 100 பேரில் ஆறாண்டுக்குள் பட்டம் பெற்றவர் 32 பேரே. பட்டியலைப் பெயர் பெயராகப் பார்த்தபோதுதான், சில நூறு டாலர் பாக்கிக்காகவே நல்ல மாணவர் பலர் நீக்கப்படுவது தெரிந்தது. 2011 முதல் அந்தச் சிறு தொகையைப் பல்கலைக் கழகமே ஈடுகட்டியது. தடுமாறுவோரை முதற் சறுக்கலிலேயே அழைத்துப் பேச ஆட்களை அமர்த்தியது. பத்தாண்டு கழிந்தபோது பட்டம் பெறுவோர் பாதியைக் கடந்தனர். கறுப்பினப் பிள்ளைகள் வெள்ளையர்க்கு ஈடாக நின்றனர். அங்கே ஆண்டவன் அருளவில்லை, கணக்கெழுதினார்கள்.

நம்மிடமும் விதை இருக்கிறது. தேவதாசி முறையை எதிர்த்துப் போரிட்ட மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989இல் தொடங்கியது திருமண உதவித் திட்டம். 2022இல் அது கல்விக்கு மாறியது. அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு, உயர்கல்வி முடியும் வரை மாதம் 1,000 ரூபாய். ‘புதுமைப் பெண்’ என்று பெயர். 2024இல் ஆண் பிள்ளைகளுக்கும் ‘தமிழ்ப் புதல்வன்’ வந்தது. தாலிக்கு வைத்த பணத்தை ஏட்டுக்கு மாற்றியது எவ்வளவு பெரிய புரட்சி! முதல் மாதம் எத்தனை பேருக்குப் பணம் சென்றது என்பதை மேடைதோறும் சொன்னார்கள். அதே பெண்களில் முப்பத்தாறாம் மாதத்திலும் வாங்கியவர் எத்தனை பேர்? இடையில் நின்றவர் எந்த மாதம் நின்றார்? தேர்வுக் கட்டண மாதமா, தை மாதத்துத் திருமண முகூர்த்தமா? வங்கிக் கணக்குக்கு மாதந்தோறும் பணம் அனுப்புகிற அரசின் கையிலேயே இதற்கான விடை இருக்கிறது. தனி ஆய்வுக்குழு வேண்டா. தொகுத்து அச்சிட்டால் போதும்.

ஆகவே நாம் கேட்பது இது. பட்டமளிப்பு விழாவில் எத்தனை ஆயிரம் பேருக்குப் பட்டம் என்று பல்கலைக் கழகம் படிக்கிறதே, அதே மேடையில், அதே தாளில், மூன்றாண்டுக்கு முன் சேர்ந்தவர் எத்தனை ஆயிரம் என்பதையும் படிக்கட்டும். கல்லூரி வாரியாக, ஆண் பெண் வாரியாக, வகுப்பு வாரியாகப் படிக்கட்டும். வேறுபாட்டுத் தொகை எவ்வளவு என்பதை, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அமைச்சரும் ஆளுநரும் கேட்கட்டும். பின்வரிசையில் நிற்கும் தறிக்காரரும் கேட்கட்டும்.