காருக்குள் ஒரு ரப்பர் வார்

ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து ஒரு வாசகர் எழுதுகிறார்: "பழைய புரோட்டோன் சாகா ஒன்று வாங்கி ஓட்டுகிறேன். ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் வொர்க்‌ஷாப்பில் டைமிங் பெல்ட்டை மாற்றச் சொல்கிறார்கள். தீபாவளிக்குக் குடும்பத்தோடு தாப்பா போக வேண்டும். நன்றாக இருக்கும் பொருளுக்கு எதற்குச் செலவு?"

கேள்வி நியாயமானதுதான். மாதச் சம்பளக்காரருக்குச் சில நூறு வெள்ளி சின்னத் தொகையா? ஆனாலும் அன்பரே, அந்தப் போர்மேன் சொல்வதைக் கேளுங்கள்.

டைமிங் பெல்ட் என்பது பல் வைத்த ரப்பர் வார். கீழே பிஸ்டன்களோடு சேர்ந்து சுழலும் கிராங்கையும், மேலே வால்வுகளைத் திறந்து மூடும் கேமையும் அதுதான் இணைக்கிறது. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. இந்தக் கணக்கு பிசகக் கூடாது. வார் அறுந்தால் கேம் நின்றுவிடும், கிராங்க் நிற்காது. 2008-இல் வந்த சாகாவின் கேம்ப்ரோ இன்ஜினில், மேலேறும் பிஸ்டன் திறந்து கிடக்கும் வால்வில் போய் இடிக்கும். வால்வு வளைந்தால் இன்ஜின் ஹெட்டையே கழற்ற வேண்டும். அப்போது பில் ஆயிரக்கணக்கில் வரும்.

அறுவதற்கு முன் சத்தம் கேட்காதா என்பீர்கள். பெரும்பாலும் கேட்காது. என் மைத்துனர் வண்டி சுங்கை பீசி டோல் தாண்டியதும் சட்டென்று அணைந்தது. ஸ்டீயரிங் கனத்தது, பிரேக் இறுகியது. பின்சீட்டில் மூன்று பிள்ளைகள். எப்படியோ இடது ஓரம் ஒதுக்கிவிட்டார். அதன் பிறகுதான் தப்பு செய்தார்: திரும்பத் திரும்பச் சாவியைத் திருகினார். அப்படிச் செய்தால் சேதம் கூடும்.

பால்மரம் வெட்டிய குடும்பங்களுக்கு ரப்பரைப் பற்றி நான் பாடம் சொல்லவா? அடுப்படியில் ஆணியில் தொங்கும் ரப்பர் பேண்டு, யாரும் தொடாமலே ஒரு நாள் இழுத்ததும் அறுகிறதல்லவா? பெல்ட்டில் இருப்பது செயற்கை ரப்பர், உள்ளே கண்ணாடி நார். இருந்தும் சூடும் வயதும் அதையும் தின்னும். எண்ணெய்க் கசிவு பட்டால் இன்னும் சீக்கிரம். ஆகவே கிலோமீட்டர் மட்டுமல்ல, ஆண்டுக் கணக்கும் உண்டு. இரண்டையும் வண்டியின் கையேட்டில் பாருங்கள். எது முந்துகிறதோ அதுவே கெடு. பழைய வண்டிக்கு ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். விற்றவர் வாய்ச்சொல் ரசீதாகாது.

1985-இல் வந்த முதல் சாகாவுக்கும் 1994-இல் வந்த கஞ்சிலுக்கும் பெல்ட்தான். 2005-இல் வந்த மைவிக்குச் சங்கிலி. அதற்கு இந்தச் செலவில்லை, ஆனால் எண்ணெய் மாற்றத் தவறக் கூடாது.

மாற்றும்போது டென்ஷனரையும் சேர்த்து மாற்றுங்கள். பெல்ட்டால் சுற்றும் வாட்டர் பம்ப் என்றால் அதையும் பாருங்கள். பிறகு ஒழுகினால் அதே கூலியை மறுபடி கொடுக்க வேண்டும். தீபாவளிக்கு முந்தின வாரம் வொர்க்‌ஷாப்பில் கூட்டம் தாங்காது, முன்கூட்டியே போய்விடுங்கள். கழற்றிய பழைய பெல்ட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு சீட்டில் எழுதி பானெட்டின் உட்புறம் ஒட்டச் சொல்லுங்கள்.