72 பேர் கற்றுத்தந்த பாடம்

இரத்தப் புற்றுநோய் என்று மருத்துவர் சொன்னவுடன் ஒரு குடும்பத்தின் மனத்தில் எழும் முதல் கேள்வி, "பிழைத்து விடுவாரா?" என்பதே. சில நாட்கள் கழித்துப் பெரிய மருத்துவமனையில் ஒரு படிவத்தை நீட்டி, "இஃது ஓர் ஆய்வு, சேர விருப்பமா?" என்று கேட்கும்போது இரண்டாவது கேள்வி எழுகிறது: "எங்களைச் சோதனை எலி ஆக்கப் போகிறார்களா?" அனகாபுத்தூர், பம்மல், பொழிச்சலூர், பல்லாவரம் பகுதிகளிலிருந்து அடையாற்றுக்கோ, சென்னை அரசுப் பொது மருத்துவமனைக்கோ, வேலூருக்கோ செல்லும் குடும்பங்களுக்கு இவ்விரு கேள்விகளும் பழக்கமானவை. முதல் கேள்விக்கு இன்று நம்பிக்கையான விடை கிடைக்கிறதென்றால், முன்னொரு காலத்தில் வேறு சில நோயாளிகள் இரண்டாவது கேள்வியின் அச்சத்தைக் கடந்து வந்ததும் அதற்கு ஒரு காரணம். மருத்துவ ஆய்வு மருத்துவர்களுக்கு மட்டும் உரிய பொருளன்று, நோயாளிகளுக்கும் உரியது என்பதே எங்கள் கருத்து. அதற்குச் சான்றாக, நம் மாநிலத்திலேயே நடந்த ஓர் ஆய்வை எடுத்துக் கொள்கிறோம்.

அக்யூட் புரோமைலோசைட்டிக் லுக்கேமியா என்பது இரத்தப் புற்றுநோய்களுள் ஒரு வகை. 15-ஆம், 17-ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்வதால், வெள்ளணுக்கள் முதிர்ச்சி அடையாமல் பாதியிலேயே நின்றுவிடுகின்றன. இரத்தம் உறையும் தன்மையும் கெடுகிறது. ஈறுகளில் இரத்தக் கசிவு, காரணமின்றித் தோலில் தோன்றும் நீலத் திட்டுகள் ஆகியவை இதன் அடையாளங்கள். முதல் சில நாட்களில் மூளையில் ஏற்படும் இரத்தக் கசிவே இந்நோயின் மிகப் பெரிய ஆபத்து. அந்த நாட்களைக் கடந்தவர்களுக்கு இது மிக நன்றாகக் குணமாகக்கூடிய புற்றுநோய்களுள் ஒன்றாகும்.

1990-களில் உலகெங்கும் இதற்கு வழக்கமாக அளிக்கப்பட்ட சிகிச்சை, வைட்டமின் ஏ-யிலிருந்து பெறப்படும் ஒரு மருந்தும் கீமோதெரபியும் சேர்ந்தது. அதன் செலவும், அதனால் வரும் தொற்றுகளைச் சமாளிக்கும் செலவும் நம் நாட்டில் பலருக்கு எட்டாத உயரத்தில் இருந்தன. சீனாவின் ஹார்பின் நகர மருத்துவர்கள் 1970-களிலிருந்தே ஆர்சனிக் டிரையாக்சைடு என்னும் மருந்தை இந்நோய்க்குப் பயன்படுத்தி வந்தனர். நம் சித்த மருத்துவ மரபில் வெள்ளைப் பாஷாணம் என்று அறியப்படும் பொருள்தான் அது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் இரத்தவியல் துறை இம்மருந்தை, கீமோதெரபி இன்றித் தனியாகவே, புதிதாக நோய் கண்டறியப்பட்டவர்களுக்கு அளித்தது. 1998 ஜனவரி முதல் 2004 டிசம்பர் வரை இவ்வாறு சிகிச்சை பெற்றவர்கள் 72 பேர். மருத்துவர் விக்ரம் மேத்யூஸும் அவருடைய சக மருத்துவர்களும் அதன் முடிவுகளை 2006-இல் 'பிளட்' என்னும் மருத்துவ இதழில் வெளியிட்டனர்.

72 பேரில் 62 பேருக்கு, அதாவது நூற்றுக்கு 86 பேருக்கு, இரத்தத்திலும் எலும்பு மஜ்ஜையிலும் நோய் முற்றிலும் தணிந்தது. பக்க விளைவுகள் பெரும்பாலும் இலேசானவையாகவும் மீளக்கூடியவையாகவும் இருந்தன. நோய் தணிந்த பிறகு எஞ்சிய சிகிச்சையை வெளிநோயாளியாகவே வந்து பெற்றுக்கொள்ள முடிந்தது. மாதக்கணக்கில் மருத்துவமனையில் தங்க இயலாத, கூலி வேலையை விட்டால் அடுப்பெரியாத குடும்பங்களுக்கு இந்தக் கடைசிச் செய்தி எவ்வளவு பெரிது என்பதை விளக்க வேண்டியதில்லை.

இந்த ஆய்வில் எங்களுக்கு மிகவும் மதிப்புக்குரியதாகப் படுவது இதற்குப் பின் நடந்ததுதான். அந்த மருத்துவர்கள் முதல் கட்டுரையின் நற்பெயரோடு நின்றுவிடவில்லை. அதே 72 பேரையும் மேலும் பல ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்து, 2010-இல் 'ஜர்னல் ஆஃப் கிளினிக்கல் ஆங்காலஜி' இதழில் மறுபடியும் எழுதினர். மூன்றாண்டு மதிப்பீட்டில், நோய் திரும்பாமலும் உயிரிழப்பு நேராமலும் இருந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ 75. ஐந்தாண்டு மதிப்பீட்டில் அது 69. உயிர் வாழ்ந்தோரின் அளவும் 86-லிருந்து 74-ஆகக் குறைந்தது. சிலருக்கு நோய் திரும்பியிருந்ததை மறைக்காமல் அவர்கள் எழுதினர். எண்கள் குறைந்தது ஆய்வின் தோல்வியன்று. ஓர் ஆய்வை நம்பலாமா என்று அறிய, அது தனக்குச் சாதகமல்லாத செய்தியையும் சொல்கிறதா என்று பார்ப்பதே நல்ல உரைகல்.

இவ்விரண்டாவது கட்டுரை எழுதப்பட முடிந்ததற்கு மற்றொரு காரணமும் உண்டு: நோயாளிகள் ஆண்டுக்கணக்கில் மறுபரிசோதனைக்கு வந்தார்கள். நம் பகுதியில் சிகிச்சை முடிந்த பலர், "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்று மறுபரிசோதனையை விட்டுவிடுகின்றனர். பயணச் செலவு, ஒரு நாள் கூலி இழப்பு, மருத்துவமனையை மீண்டும் காணவே மனம் கூசுவது என அதற்கான காரணங்கள் எங்களுக்குப் புரிகின்றன. ஆயினும் அந்த ஒரு நாள் வருகை, நோய் திரும்பினால் அதனை விரைவில் கண்டுபிடிக்க உதவுகிறது. நாளை இதே நோயோடு வரப்போகும் முன்பின் தெரியாத ஒருவருக்கு அது வழிகாட்டியாகவும் ஆகிறது. சிகிச்சைக்காகப் பயணம் செய்யும் புற்றுநோயாளிக்கும் துணையாகச் செல்லும் ஒருவருக்கும் இரயில் கட்டணச் சலுகை உண்டு. அதற்குரிய சான்றிதழைச் சிகிச்சை பெறும் மருத்துவமனையில் கேட்டுப் பெறுங்கள்.

வேலூரின் கதை தனித்த ஒன்றன்று. குழந்தைகளைப் பெரிதும் தாக்கும் அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுக்கேமியாவுக்கு, அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையும் புதுதில்லி எய்ம்ஸும் 1984 முதல் ஒரே சிகிச்சை முறையைப் பின்பற்றின. மருத்துவர் வி. சாந்தா உள்ளிட்டோர் 2005-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, நோயின்றி நான்காண்டுகளைக் கடந்தோர் முன்பு நூற்றுக்கு 20-க்கும் குறைவு. இம்முறையால் அது 45 முதல் 60 வரை உயர்ந்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் என்ன மருந்து, எத்தனை நாள், என்ன விளைவு என்று ஒரே ஒழுங்கில் எழுதி வைத்ததும் இந்த உயர்வுக்குத் துணை நின்றது.

இனி, எச்சரிக்கையாகச் சில சொற்கள். மேற்கண்ட 86 என்னும் எண் ஒரு குறிப்பிட்ட வகை நோய்க்கு உரியது. இரத்தப் புற்றுநோய் என்ற ஒரே பெயருக்குள் பல நோய்கள் இருக்கின்றன. ஒன்றுக்கு உதவும் மருந்து மற்றொன்றுக்கும் உதவும் என்பதில்லை. அந்த ஒரே வகையிலும்கூட, நோய் கண்டறியும்போது வெள்ளணுக்களும் தட்டணுக்களும் எவ்வளவு இருந்தன என்பதைப் பொறுத்து முடிவுகள் வேறுபட்டன. எனவே உறவினர் ஒருவர் கைப்பேசியில் அனுப்பும் எண்ணைக் கண்டு மகிழவும் வேண்டாம், மனமுடையவும் வேண்டாம். "எங்கள் நோயாளிக்கு இது பொருந்துமா?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஆர்சனிக் மருந்தென்று கேள்விப்பட்டுப் பாஷாணம் சேர்ந்த எதனையும் தாமாக வாங்கி உட்கொள்வது உயிருக்கே உலை வைக்கும். மருத்துவமனையில் அது அளவறிந்து, சுத்திகரித்து, இதயத் துடிப்பையும் இரத்தத்திலுள்ள உப்புகளையும் கவனித்தே செலுத்தப்படுகிறது.

சோதனை எலி என்னும் அச்சத்திற்கும் விடை கூற வேண்டும். அந்த அச்சம் அறியாமை அன்று. கேள்வி கேட்காமல் கையொப்பமிடச் சொல்லும் இடங்களில் அது நியாயமானதே. ஆனால் விதிகள் நோயாளியின் பக்கம் இருக்கின்றன. ஆய்வின் விவரங்கள் அவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் தரப்பட வேண்டும். சேர மறுத்தாலும், இடையில் விலகினாலும், அவருக்கு உரிய சிகிச்சை குறையக் கூடாது. புதிய மருந்துகள் குறித்த 2019-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆய்வால் தீங்கு நேர்ந்தால் மருத்துவச் செலவையும் இழப்பீட்டையும் ஆய்வை நடத்துவோர் ஏற்க வேண்டும். ஆகவே படிவம் நீட்டப்படும்போது நான்கு கேள்விகளைக் கேளுங்கள்: இந்த ஆய்வு எதனைக் கண்டறிய முயல்கிறது? சேராவிட்டால் எங்களுக்கு என்ன சிகிச்சை? எந்தச் செலவு யாருடையது? ஐயம் எழுந்தால் நெறிமுறைக் குழுவில் யாரை அழைக்க வேண்டும்? விடை தெளிவாகக் கிடைக்கும்வரை கையொப்பத்திற்கு அவசரம் இல்லை. படிவத்தின் ஒரு நகலையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மருத்துவமனைகளிடம் எங்களுக்கு ஒரு கோரிக்கை உண்டு. ஆய்வு முடிந்து கட்டுரை ஆங்கில இதழில் வெளியாகிறது. அதற்குத் தம் உடலையும் காலத்தையும் தந்தவர்களில் பலர் அதன் முடிவைக் கடைசிவரை அறிவதில்லை. ஒவ்வோர் ஆய்வின் முடிவிலும் எளிய தமிழில் ஒரே ஒரு பக்கச் சுருக்கத்தை எழுதி, அதில் பங்கேற்ற குடும்பங்களுக்கு அளிப்பது பெரிய செலவன்று. அவ்வாறு செய்தால், அடுத்த முறை படிவத்தை நீட்டும்போது அச்சம் பாதியாகக் குறையும். பங்கேற்றவர் இறந்துவிட்டாலும் அச்சுருக்கம் அவருடைய குடும்பத்திற்குச் சென்று சேர வேண்டும். 72 பேரில் நோய் தணியாத 10 பேரும் அந்த ஆய்வில் இருக்கிறார்கள். அவர்களைக் கணக்கில் கொண்டதால்தான் மற்ற 62 பேரின் எண்ணுக்கு மதிப்பு உண்டாயிற்று.