வளைக்குள் போனது திரும்பி வருமா?

இயற்பியல் ஆசிரியருக்கும் முயல் வேட்டைக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு.

1971ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிகாகோ நகருக்கு அருகே ஒரு பெரிய துகள்முடுக்கி ஆய்வுக்கூடம் உருவாகிக்கொண்டிருந்தது. இன்று அதற்கு ஃபெர்மி ஆய்வுக்கூடம் என்று பெயர். அணுத்துகள்கள் பாய வேண்டிய குழாய்களுக்குள் உலோகத் துணுக்குகள் தங்கிவிட்டன. குறுகிய, நீண்ட குழாய்களை எப்படித் துடைப்பது? இங்கிலாந்திலிருந்து வந்திருந்த ராபர்ட் ஷெல்டன் என்ற பொறியாளர் ஒரு யோசனை சொன்னார். ‘எங்கள் நாட்டில் முயல் வளைக்குள் ஃபெரட்டை அனுப்புவார்கள். இந்தக் குழாய்க்குள்ளும் ஒன்றை அனுப்பிப் பார்த்தால் என்ன?’ என்பதே அது.

35 டாலருக்கு ஒரு பெண் ஃபெரட் வாங்கப்பட்டது. ஃபெலிசியா என்று அதற்குப் பெயரிட்டார்கள். அதன் கழுத்துப் பட்டையில் மெல்லிய கயிறு கட்டப்பட்டது. ஃபெலிசியா குழாயின் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியே வரும். பிறகு அந்தக் கயிற்றில் திரவத்தில் நனைத்த துணியைக் கட்டி இழுத்தால் குழாய் சுத்தமாகிவிடும். ஏறத்தாழ நான்கு மைல் சுற்றளவுள்ள பெரிய குழாய் வளையத்துக்குள் போக ஃபெலிசியா மறுத்துவிட்டது. ஆனால் சிறிய குழாய்களில் தொடங்கி, படிப்படியாகப் பழக்கியபின், 300 அடி நீளக் குழாய்களில் வேலை செய்தது. பின்னர் அந்த வேலைக்கு ஒரு கருவி செய்யப்பட்டதும் ஃபெலிசியாவுக்கு ஓய்வு கிடைத்தது.

இதைப் படித்த பின்புதான் ஃபெரட் வளர்ப்பைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க எனக்கு ஓர் எண்ணம் உறுதிப்பட்டது. அதை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் ஃபெரட் என்பது எது? பார்வைக்கு நம் கீரியைப் போல இருந்தாலும் அது கீரியின் இனம் அன்று. நம் ஆறுகளில் வாழும் நீர்நாயின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஐரோப்பாவின் போல்கேட் என்னும் காட்டு விலங்கைப் பழக்கி, ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மனிதன் வளர்த்து வந்ததில் உருவானது. முயல்களை விரட்ட இத்தகைய விலங்கை வாய்ப்பூட்டு இட்டு வளைக்குள் அனுப்பும் வழக்கத்தைக் கிரேக்கப் புவியியல் அறிஞர் ஸ்திராபோ அந்தக் காலத்திலேயே எழுதிவைத்திருக்கிறார். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். நம் ஊர்ப் புதர்களில் ஓடும் காட்டு முயல் வளை தோண்டுவதில்லை. ஐரோப்பிய முயலோ மண்ணுக்குள் பல வாயில்களோடு வளை தோண்டிக் கூட்டமாக வாழ்வது. பயிரையும் மேய்ச்சல் நிலத்தையும் அழிப்பது.

வேட்டை முறை எளியது. குளிர்காலத்தில், செடி கொடிகள் வாடி வளையின் வாயில்கள் நன்கு தெரியும்போது, ஒவ்வொரு வாயிலிலும் சுருக்கு வலை விரிப்பார்கள். ஃபெரட்டை உள்ளே விடுவார்கள். அதற்கு அஞ்சி வெளியே பாயும் முயல் வலையில் விழும். ஃபெரட்டின் வேலை முயலை விரட்டுவது மட்டுமே, கொல்வது அன்று.

இதற்கு எப்படிப்பட்ட குட்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்? ‘மூர்க்கமான குட்டியை’ என்றுதான் நம்மில் பலர் சொல்வோம். அனுபவசாலிகள் அப்படிச் செய்வதில்லை. மனிதக் கைக்குப் பழகிய தாயின் குட்டியைத் தேடுகிறார்கள். கண்ணில் தெளிவும், உடலில் நலமும், புதிய பொருளைக் கண்டால் முன்வந்து முகர்ந்து பார்க்கும் ஆர்வமும் இருக்கிறதா என்று கவனிக்கிறார்கள். அஞ்சி மூலையில் ஒடுங்கிக் கடிக்கும் குட்டியைத் தவிர்க்கிறார்கள். பெரும்பாலும் பெண் குட்டியையே விரும்புகிறார்கள். ஏனெனில் அது ஆணைவிடச் சிறியது. குறுகிய வளையிலும் எளிதில் செல்லும். பெரிய ஆண் ஃபெரட் உள்ளேயே முயலைக் கொன்று, தின்று, அங்கேயே உறங்கிவிடும் வாய்ப்பு அதிகம்.

பயிற்சி குட்டி கண் திறந்த சில நாட்களிலேயே தொடங்குகிறது. தினமும் கையில் எடுக்க வேண்டும். முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்பைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். விளையாட்டாகக் கடித்தால் கையைச் சட்டென்று இழுக்கக் கூடாது, அடிக்கவும் கூடாது. உணவு வைக்கும்போதெல்லாம் ஒரே விதமாகச் சீட்டி அடிக்க வேண்டும். சில வாரங்களில் சீட்டி கேட்டதும் குட்டி ஓடி வரும். மணியோசை கேட்டு நாய்க்கு எச்சில் ஊறியதாகப் பாவ்லவ் செய்த ஆராய்ச்சியைப் படித்திருப்பீர்களே, அதே தத்துவம்தான். அடுத்து, தரையில் கிடத்திய குழாய்களுக்குள் ஓடவிட்டு, மறுமுனையில் வெளிவரும்போது மெதுவாக எடுக்க வேண்டும். அவசரப்பட்டு வாயிலில் பாய்ந்து பிடித்தால், அது மனிதக் கைக்கு அஞ்சி, எட்டாத தூரத்தில் நின்றுகொண்டு வெளியே வர மறுக்கும். முதல் வேட்டைக்கும் சில வாயில்களே உள்ள சிறிய வளைதான் ஏற்றது.

இப்போது சற்று நின்று யோசியுங்கள். இந்தப் பயிற்சியில் வேட்டையாடக் கற்றுத்தரும் பாடம் எங்கே இருக்கிறது? ஒன்றுகூட இல்லை! வளையைக் கண்டால் நுழைவதும், முயலைத் துரத்துவதும் பிறவியிலேயே அதற்கு வந்தவை. மனிதன் கற்றுத்தருவதெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: திரும்பி வருவது. அதிலும் அவன் முழு நம்பிக்கை வைப்பதில்லை. முன்பெல்லாம் உள்ளே தங்கிவிட்ட ஃபெரட்டைத் தேடி, கயிறு கட்டிய இன்னொரு ஃபெரட்டை அனுப்புவார்கள். கயிற்றில் சம தூரத்தில் முடிச்சுகள் இருக்கும். உள்ளே சென்ற முடிச்சுகளை எண்ணித் தோண்டுவார்கள். இப்போது கழுத்துப் பட்டையிலேயே ஒரு சிறிய வானொலிச் சைகைக் கருவியைப் பொருத்திவிடுகிறார்கள். மேலே ஏற்பியுடன் நடந்தால், அருகே செல்லச் செல்லச் சைகை வலுக்கும். இருக்கும் இடம் தெரிந்துவிடும்.

கயிறும் இல்லாமல், சீட்டியும் இல்லாமல் அதே ஃபெரட்டை அவிழ்த்துவிட்டால் என்ன ஆகும்? நியூசிலாந்தில் அது நடந்தது. ஐரோப்பியர் கொண்டுவந்த முயல்கள் அங்கே பெருகி, ஆடுகளின் மேய்ச்சல் நிலத்தை மொட்டையாக்கின. 1880களில் அரசே ஆயிரக்கணக்கான ஃபெரட்டுகளை வரவழைத்துக் காட்டில் விட்டது. பறவைகளுக்கு ஆபத்து என்று பறவையியல் அறிஞர்கள் எச்சரித்தார்கள், பயன் இல்லை. அந்தத் தீவுகளில் வௌவாலைத் தவிர நிலத்தில் வாழும் பாலூட்டிகள் இயல்பாக இல்லை. எனவே கிவி போன்ற பறக்காத பறவைகளுக்கும், தரையில் கூடு கட்டும் பறவைகளுக்கும் இத்தகைய எதிரியிடமிருந்து தப்பத் தெரியவில்லை. முயல்களும் ஒழியவில்லை; ஃபெரட்டுகளும் பெருகின. 2002இல் அந்நாடு ஃபெரட்டுகளை விற்பதையும் இனப்பெருக்குவதையும் தடைசெய்தது. 2050க்குள் இவற்றை நாட்டிலிருந்தே ஒழிக்க வேண்டும் என்ற திட்டத்தை 2016இல் அறிவித்தது.

‘ஃபெரட் கொடிய விலங்கு, அதனால் வந்த கேடு’ என்று சிலர் சொல்வர். நான் அதை ஏற்கமாட்டேன். ஃபெலிசியாவும் அதே விலங்குதான். இங்கிலாந்துப் பண்ணையில் சீட்டி கேட்டு ஓடி வருவதும் அதே விலங்குதான். வேறுபாடு விலங்கில் இல்லை. அனுப்பியவரின் பொறுப்பில் இருக்கிறது. குட்டியை மாதக்கணக்கில் கையில் வைத்துப் பழக்கியவர், அதைத் திரும்பப் பெறும் வழியை முதலில் செய்துகொண்டார். அவிழ்த்துவிட்டவர்கள் அனுப்பும் வழியை மட்டுமே யோசித்தார்கள்.

விறகுக்கு உதவும் என்று நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட சீமைக் கருவேல மரம் இன்று நம் கண்மாய்களிலும் தரிசுகளிலும் எப்படிப் பரவி நிற்கிறது என்பதை நீங்களே பார்க்கிறீர்கள். அந்த மரத்தின் மேல் கோபம் கொண்டு என்ன பயன்?

நாளை உங்களில் சிலர் விஞ்ஞானிகள் ஆவீர்கள். சிலர் அதிகாரிகள் ஆவீர்கள். ஒரு பூச்சியையோ, மீனையோ, கிருமியையோ, ஒரு புதிய இரசாயனத்தையோ வெளியே விடுவதற்கான தாளில் உங்கள் கையெழுத்து கேட்கப்படும். ‘இது வேலை செய்யுமா?’ என்று எல்லோரும் கேட்பார்கள். நீங்கள் இன்னொரு கேள்வியையும் கேளுங்கள்: ‘இதைத் திரும்ப அழைக்க நம்மிடம் கயிறு இருக்கிறதா?’ இல்லை என்று பதில் வந்தால், கையெழுத்திடாமல் பேனாவை மூடி வைக்கும் துணிவு உங்களுக்கு வேண்டும்.