கேட்கப்படாதவர் கேட்கப்படும்போது

'இல்' என்னும் சிறு சொல்லிலிருந்தே இல்லமும் இல்லறமும் இல்லாளும் பிறந்தன. 'மனை' என்னும் சொல்லிலிருந்து மனைவியும் மனையறமும் தோன்றின. குடியிருக்கும் இடத்தையும் அதனுள் நிகழும் வாழ்க்கையையும் தமிழ் ஒன்றாகவே கருதிற்று என்பதற்கு இச்சொற்கள் போதிய சான்றாகும். ஆனால், கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்று வீடு வாங்கிக் குடியேறும் தமிழ்க் குடும்பங்கள் பல இவ்விரண்டையும் பிரித்துவிடத் துணிந்துள்ளன. வாழ்க்கை தம்முடையது, வீட்டின் உட்புறமோ வடிவமைப்பாளருடையது என்று அவை எண்ணுகின்றன. இவ்வெண்ணம் தவறானது மட்டுமன்று, தீங்கானதும் ஆகும்.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். கிள்ளானில் 20 அடி அகலமும் 70 அடி நீளமும் உள்ள மனையில் ஈரடுக்கு வரிசை வீடு. கணவன், மனைவி, பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர், முழங்கால் வலியோடு வாழும் பாட்டி. உள்வடிவமைப்பாளரை முதன்முறையாகக் காணக் கணவனும் மனைவியும் செல்கின்றனர். கைப்பேசி நிறையப் படங்கள் இருக்கின்றன; கையில் ஒரு தாள்கூட இல்லை. "வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள்? உங்கள் நாள் எப்படிக் கழிகிறது?" என்று வடிவமைப்பாளர் கேட்கிறார். "நீங்களே பார்த்துச் செய்யுங்கள், இந்தப் படத்தில் உள்ளதுபோல் இருந்தால் போதும்" என்பது விடையாகிறது.

சில மாதங்களில் வீடு பளபளக்கிறது. கூடத்தின் ஒரு சுவர் முழுவதையும் தொலைக்காட்சிப் பேழை விழுங்கிவிட்டது. பிள்ளைகள் உணவு மேசையில் தட்டுகளை ஒதுக்கிவிட்டுப் பாடம் எழுதுகின்றனர். தமிழ் நூல்கள் அட்டைப் பெட்டிகளில் மாடிப்படியின் அடியில் கிடக்கின்றன. குத்துவிளக்கு ஏற்றினால் அதன் சுடர் மேலே உள்ள அலமாரிப் பலகையைத் தொடுகிறது. பாட்டியின் படுக்கை மாடியில் இருக்கிறது. கீழே இறங்க அஞ்சி அவர் பகலெல்லாம் அறையிலேயே அமர்ந்திருக்கிறார். இதற்கு யார் பொறுப்பு? வடிவமைப்பாளரா? அவர் கேட்டார். விடைதான் கிடைக்கவில்லை.

இக்கேள்வியின் அருமையை உணர வேண்டுமானால் சற்றுப் பின்னோக்கிப் பார்த்தல் வேண்டும். இந்நாட்டுத் தமிழரின் முன்னோர் வாழ்ந்த லயத்து வீடுகளை வரைந்தவர் யார்? நீண்ட ஒரே கூரையின்கீழ் அடுத்தடுத்து அடைக்கப்பட்ட அந்த அறைகளைத் தோட்ட நிருவாகம் வரைந்தது. பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்தில் இருப்புப்பாதை ஊழியர்கள் வாழ்ந்த குடியிருப்புகளை இருப்புப்பாதைத் துறையினர் வரைந்தனர். அடுப்பு எங்கே வேண்டும், பிள்ளை எங்கே படிக்கும், பெரியவர் எங்கே படுப்பார் என்று அங்கே வாழப்போகும் எவரையும் ஒருவரும் கேட்கவில்லை. கொடுத்த அறையில் வாழ்க்கையை மடித்து வைத்துக்கொண்டனர். அவ்வளவே.

காலம் மாறிற்று. எஃபிங்காம் தோட்டம் 1952ஆம் ஆண்டு தொடங்கிப் பெட்டாலிங் ஜெயா நகராயிற்று. சீஃபீல்ட் தோட்டம் சுபாங் ஜெயாவாயிற்று. கிள்ளானின் புக்கிட் ராஜா தோட்டத்தில் புதிய குடியிருப்புகள் எழுந்தன. பிரிக்ஃபீல்ட்ஸில் தொடர்வண்டிப் பெட்டிகள் நின்ற இருப்புப்பாதை நிலத்தில் 2001ஆம் ஆண்டு கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது; சுற்றிலும் அடுக்குமாடிகள் உயர்ந்தன. லயத்தில் பிறந்தவரின் பேரப்பிள்ளைகள் வங்கிக் கடன் பெற்றுச் சொந்த வீடு வாங்குகின்றனர். "நீங்கள் எப்படி வாழ்கிறீர்கள்?" என்னும் கேள்வி பல குடும்பங்களில் மூன்று தலைமுறைக்குப் பின் முதன்முறையாகக் கேட்கப்படுகிறது. பாட்டனைக் கேட்காமலே வீடு கட்டினார்கள், அது கொடுமை. பேரனைக் கேட்கிறார்கள், அவன் வாய் திறப்பதில்லை. இதற்கு என்ன பெயர் இடுவது?

இதற்கு மறுப்பாக மூன்று கூற்றுகள் எழுகின்றன.

"தொழில் அறிந்தவரிடம் விட்டுவிடுவதே அறிவுடைமை" என்பது முதற்கூற்று. மருத்துவரும் தொழில் அறிந்தவரே. ஆயினும், வலிக்கும் இடத்தை நோயாளியே சொல்ல வேண்டும். இலங்கையின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் கொழும்பில் ஏனா டி சில்வா என்னும் துணிக் கலைஞருக்காக ஒரு வீட்டை வடிவமைத்தார். பழைய இலங்கை வீடுகளின் முற்றமும் வேண்டும், புதிய கால வாழ்வுக்கும் அது பொருந்த வேண்டும் என்பதில் அந்த அம்மையார் தெளிவாக இருந்தார். முற்றத்தைச் சுற்றி எழுந்த அவ்வீடு தெற்காசியக் கட்டடக் கலையில் ஒரு திருப்புமுனையாகப் போற்றப்படுகிறது. பின்னாளில் அதனை இடிக்க மனமின்றிப் பகுதி பகுதியாகப் பிரித்து லுனுகங்காவுக்குக் கொண்டுசென்று மீண்டும் எழுப்பினர். கலைஞரின் திறனோடு குடியிருப்பவரின் தெளிவும் சேர்ந்தபோது நல்ல வீடு பிறந்தது.

"இவையெல்லாம் செல்வர்க்குரிய பேச்சு" என்பது இரண்டாம் கூற்று. உண்மை இதற்கு நேர்மாறானது. செல்வர் பிழைபட்ட சுவரை இடித்து மீண்டும் கட்டிக்கொள்வர். மாதந்தோறும் கடன் தவணை செலுத்தும் குமாஸ்தாவுக்கும் ஆசிரியருக்கும் இரண்டாம் வாய்ப்பு இல்லை. பணம் குறைந்தவருக்கே ஆயத்தம் மிகுதியாக வேண்டும்.

"விளக்கு, கோலம் என்று பேசினால் பழமைவாதி என்பார்களே" என்பது மூன்றாம் கூற்று. உண்மையில் சொல்லப்போனால், இவ்வாறு அஞ்சுகிறவர்களே பின்னர் ஒரு மரத்தூணையும் சில ஆத்தங்குடித் தரைக்கற்களையும் கூடத்தில் பதித்து, "எங்கள் பண்பாடு" என்று விருந்தினருக்குக் காட்டுகின்றனர். பண்பாடு தூணில் இல்லை, பயனில் இருக்கிறது. திண்ணை, நடை, முற்றம், கூடம், அடுக்களை, புழக்கடை என்னும் சொற்களைத் தமிழாசிரியர் வகுப்பில் கற்பிக்கின்றார். அவை ஒவ்வொன்றும் ஒரு பணியின் பெயர். வழிப்போக்கரும் அண்டை வீட்டாரும் உள்ளே வராமலே அமர்ந்து பேசத் திண்ணை உதவிற்று. காற்றும் ஒளியும் வீட்டின் நடுவே இறங்க முற்றம் இடம் தந்தது. வரிசை வீட்டில் திண்ணை கட்ட இயலாது. ஆனால், மகிழுந்து நிற்கும் முகப்பில் ஒரு நீள இருக்கை போடலாம். அடுக்குமாடியில் முற்றம் இல்லை. ஆனால், எதிரெதிர்ச் சாளரங்களைப் பேழைகளால் அடைக்காமல் காற்றுக்கு வழி விடலாம். உருவத்தை நகலெடுப்பதைவிடப் பணியை மீட்பதே பண்பாட்டைக் காக்கும் வழி.

அவ்வாறாயின், முதற்சந்திப்புக்கு எவற்றோடு செல்லுதல் வேண்டும்?

முதலாவதாக, வாழ்க்கைக் குறிப்பு. குடும்பத்தார் எத்தனை பேர், அவர்தம் வயது என்ன, எத்தனை மணிக்கு எழுகின்றனர், எங்கே உண்கின்றனர், விழா நாள்களில் எத்தனை பேர் வருகின்றனர் என்பவற்றை எழுதிக்கொள்ள வேண்டும். முதியவர் இருப்பின் கீழ்த்தள அறையும் வழுக்காத குளியலறைத் தரையும் பட்டியலின் தலைப்பில் நிற்க வேண்டும்.

இரண்டாவதாக, அளவும் திசையும். ஒவ்வோர் அறையின் நீள அகலமும், கதவு, சாளரம், குழாய், மின்செருகி உள்ள இடங்களும் ஒரு தாளில் குறிக்கப்பட வேண்டும். நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 3 பாகை வடக்கே உள்ள இப்பகுதியில் மேற்குச் சுவர் ஆண்டு முழுவதும் மாலை வெயிலில் காய்கிறது. அச்சுவரோரம் பிள்ளையின் படிப்பு மேசையை வைத்துவிட்டுப் பிள்ளைக்குப் படிப்பில் நாட்டமில்லை என்று வருந்துவது நியாயமா?

மூன்றாவதாக, உடைமைக் கணக்கு. எண்ணெயும் புகையும் படும் சமையலுக்குப் பின்புறத்தில் ஓர் அடுக்களை, காட்சிக்கு உள்ளே ஓர் அடுக்களை என்று பிரிப்பது மலேசிய வழக்கம். தாளிப்பும் பொரிப்பும் நாள்தோறும் நிகழும் வீட்டில் எந்த அடுக்களை பெரிதாக வேண்டும் என்பதை அங்கே நின்று சமைப்பவரே சொல்ல வேண்டும். மாவரைக்கும் இயந்திரம் எங்கே நிற்கும்? சமையல் மேடை எவருடைய உயரத்துக்கு அமையும்? குத்துவிளக்கின் உயரம் என்ன, சாம்பிராணிப் புகை எவ்வழியாக வெளியேறும்? நூல்கள் எத்தனை? துணிப் பேழைக்கு 2 அடி ஆழம் வேண்டும். நூலடுக்குக்கு 1 அடி ஆழமே போதும். ஆனால் நூல்கள் கனமானவை. மரத்தூள் பலகையை இடைத்தாங்கியின்றி 3 அடிக்கு மேல் நீட்டினால் நாளடைவில் அது வளைந்துவிடும். இவற்றைச் சொல்லாத குடும்பத்துக்கு வடிவமைப்பாளர் நூலடுக்கு அமைக்கமாட்டார். பூச்சாடி வைக்கும் மாடமே அமைப்பார்.

நான்காவதாக, பணமும் சட்டமும். மொத்தம் எவ்வளவு செலவிட இயலும் என்பதைக் கணவனும் மனைவியும் வீட்டிலேயே முடிவு செய்து, அதில் பத்தில் ஒரு பங்கையேனும் எதிர்பாராச் செலவுக்கென ஒதுக்கிவிட வேண்டும். ஊதியம் எவ்வாறு கணக்கிடப்படும் என்றும் தயங்காமல் கேட்க வேண்டும். வடிவமைப்பு இலவசம் என்பார் சிலர். அந்த இலவசத்தின் விலை தச்சு வேலைக் கணக்கில் ஒளிந்திருக்கக்கூடும். உள்வடிவமைப்பாளர்களைப் பதிவு செய்யும் பொறுப்பு மலேசியக் கட்டடக் கலைஞர் வாரியத்துக்கு உண்டு. எதிரே அமர்ந்திருப்பவர் பதிவு பெற்றவரா என்று வினவுவது மரியாதைக் குறைவாகாது. சுவரை இடிக்கவோ கூரையை நீட்டவோ எண்ணினால் ஊராட்சி மன்றத்தின் ஒப்புதல் வேண்டும். அடுக்குமாடியாயின் கட்டட நிருவாகத்தின் இசைவும் வேண்டும். மேம்பாட்டாளரிடம் வாங்கிய புதுவீட்டில் சாவி பெற்ற நாளிலிருந்து 24 மாதங்களுக்குள் தெரியவரும் குறைகளை அவர் திருத்தித் தர வேண்டும் என்பது வீடமைப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த ஒப்பந்த விதி. அக்குறைகளைப் பட்டியலிட்டுக் கொடுக்காமல் சுவரை உடைத்துவிட்டால், பின்னர் விரிசலுக்கு யார் பொறுப்பு என்னும் வழக்கில் வாங்கியவரே தோற்க நேரிடும்.

இக்குறிப்பை எழுதுவோர் யார்? இங்கேதான் தமிழ்ப்பள்ளிக்கு ஒரு பணி இருக்கிறது. 'என் வீடு' என்னும் தலைப்பில் மாணவர் ஆண்டுதோறும் கட்டுரை எழுதுகின்றனர். "என் வீடு அழகானது, அதைச் சுற்றிப் பூச்செடிகள் உள்ளன" என்று அடுக்குமாடியில் வாழும் பிள்ளையும் எழுதுகிறது. அப்பொய்க் கட்டுரையை நிறுத்தி, அளவுகோலைப் பிள்ளையின் கையில் கொடுக்க வேண்டும். பாட்டி எத்தனை முறை படியேறுகிறார், அம்மா சமைக்கும்போது எத்தனை முறை குனிகிறார், தான் எங்கே அமர்ந்து படிக்கிறது என்பதை அது எண்ணி எழுதட்டும். அக்கட்டுரையைப் பெற்றோர் வடிவமைப்பாளரிடம் எடுத்துச் செல்லலாம். அவர் தமிழ் அறியாதவராயின் பெற்றோர் மொழிபெயர்த்துச் சொல்லட்டும். தன் கட்டுரையால் வீட்டில் ஒரு நூலடுக்கு எழக் கண்ட பிள்ளை, தமிழால் என்ன பயன் என்று பின்னர் ஒருநாளும் கேட்காது.

பாடக் குறிப்பு எழுதாமல் வகுப்பறைக்குள் நுழையும் ஆசிரியரை எந்தத் தலைமையாசிரியரும் மன்னிப்பதில்லை. முப்பது ஆண்டுக் கடனுக்குக் கையெழுத்திட்ட வீட்டைப் பற்றி ஒரு தாளும் எழுதாமல் செல்லும் பெற்றோரை மட்டும் எவ்வாறு மன்னிப்பது? மொழி வாழ வேண்டும் என்று மேடையில் முழங்குகின்ற சமூகம், அம்மொழியின் நூல்கள் வீட்டில் நிற்க 1 அடி ஆழமுள்ள ஒரு பலகையைக் கேட்டுப் பெறத் தவறினால், அம்முழக்கம் வெறும் ஓசையே. லயத்தில் வாழ்ந்தவர் கேட்கப்படவில்லை. அதனால் அவர் மேல் குற்றமில்லை. கேட்கப்படுகின்றவர் எழுதிய விடையோடு செல்ல வேண்டும். அவ்விடை இல்லாத வீடு, உரிமைப் பத்திரம் யார் பெயரில் இருந்தாலும், இன்னும் பிறருடைய வீடே.