எந்தத் திசுவில் என்று கேட்போம்

இன்சுலின் ஏற்பிக்கான மரபணுவை உடல் முழுவதும் நீக்கினால், சுண்டெலிக் குட்டி பிறந்த சில நாள்களிலேயே கடும் நீரிழிவால் இறந்துவிடும். மரபணு இன்றியமையாதது என்பது அதில் தெரியும். எந்த உறுப்பில், எதற்காக என்பது தெரியாது. அந்தக் குறையைப் போக்க வந்ததே திசுவைத் தேர்ந்து மரபணுவைத் திருத்தும் முறை. பாக்டீரியாவைத் தாக்கும் பி1 வைரஸின் ‘கிரீ’ நொதி, ‘லாக்ஸ்பி’ எனும் 34 எழுத்துத் தொடர்கள் இரண்டுக்கு நடுவிலுள்ள டிஎன்ஏவை வெட்டி எடுத்துவிடும். மரபணுவின் இருபுறமும் இத்தொடரைப் பொருத்திய எலியை, குறிப்பிட்ட திசுவில் மட்டும் கிரீ உருவாகும் எலியோடு இனம் சேர்த்தால், வழித்தோன்றல்களில் அந்தத் திசுவில் மட்டும் மரபணு இல்லாத எலிகளைப் பெறலாம். ஜெர்மனியின் கொலோன் நகரில் கிளவுஸ் ராயெவ்ஸ்கியின் குழு 1994-இல் டி செல்களில் இதைச் செய்துகாட்டியது.

இதன் பலனை அமெரிக்காவின் ஜோஸ்லின் நீரிழிவு மையத்தில் ரொனால்ட் கான் குழு செய்த ஆய்வுகளில் காணலாம். இன்சுலினின் தூண்டுதலால் இரத்தச் சர்க்கரையில் பெரும்பங்கை இழுத்துக்கொள்வது தசைதான். அங்கே ஏற்பி இல்லாவிட்டால் சர்க்கரை எகிறும் என்றே எதிர்பார்க்கத் தோன்றும். 1998-இல் வந்த முடிவோ, சர்க்கரை இயல்பாக இருந்ததையும் கொழுப்பு கூடியதையும் காட்டியது. 2000-இல் கல்லீரலில் நீக்கியபோது இன்சுலின் எதிர்ப்பு கடுமையானது. சர்க்கரைக் கட்டுப்பாடு குலைந்தது. மரபணு ஒன்றே, விளைவைத் தீர்மானித்தது உறுப்பு.

‘அந்தத் திசுவில் மட்டும்’ என்பதை அப்படியே நம்பலாமா என்ற ஆட்சேபம் நியாயமானது. கணைய பீட்டா செல்களுக்கென உருவாக்கிய ஒரு கிரீ எலிவகையில், மூளையின் ஹைப்போதலாமஸிலும் நொதி வேலைசெய்தது. வேறெந்த மரபணுவும் நீக்கப்படாத நிலையிலும் அவ்வெலிகளில் சிலவற்றுக்குச் சர்க்கரைக் கோளாறு இருந்தது. இது முறையைக் கைவிடக் காரணமல்ல. கிரீ மட்டுமே உள்ள எலிகளையும் ஒப்பீட்டுக்கு வைக்க வேண்டும் என்பதற்கான காரணம். எலி மனிதனல்ல என்பதும் உண்மைதான். ஆனால், எங்கே திருத்துவது என்ற கேள்வி மனிதருக்கும் பொதுவானது. 2023-இல் பிரிட்டன் அனுமதித்த அரிவாள் செல் நோய்ச் சிகிச்சையில், இரத்த மூலச்செல்களை வெளியே எடுத்துத் திருத்திய பிறகே உடலில் செலுத்துகிறார்கள்.

எனவே நீக்கம் எந்தெந்தத் திசுக்களில் நிகழ்ந்தது என்ற சோதனை விவரத்தையும், கிரீ மட்டுமுள்ள எலிகளின் முடிவையும் தராத ஆய்வுக் கட்டுரைகளை ஆய்விதழ்கள் ஏற்கக் கூடாது. எலிகளின் உயிரைக் கொடுத்துப் பெறும் முடிவுக்கு இந்தக் கண்டிப்பு அவசியம்.