மெல்ஃப் யாரோட பேரு?

வீட்டுக்குள்ள ஒரு பக்கம் ஷூ தைக்கிற மெஷின், இன்னொரு பக்கம் டைப்ரைட்டர். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது (சுவிட்சர்லாந்து ஜெனீவா இல்லீங்க, அது வேற). 1970-களின் ஆரம்பத்தில் அந்த ஊரில் கேரி கைகாக்ஸ் என்பவரின் வீட்டு நிலவரம் இதுதான். சிகாகோவில் பார்த்துக்கொண்டிருந்த இன்ஷூரன்ஸ் வேலை 1970-ல் போய்விட்டது. அஞ்சு பிள்ளைகள். ஷூ ரிப்பேர் கற்றுக்கொண்டு, வீட்டிலேயே தைத்துக் கொடுத்துக் குடும்பத்தை ஓட்டினார். மிச்ச நேரமெல்லாம் விளையாட்டுக்கு விதி எழுதுவார். பத்து பைசா வராத வேலைக்காக ராத்திரி ராத்திரி கண் முழிக்கிற பார்ட்டி!

அந்த டைப்ரைட்டரிலிருந்து வந்ததுதான் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. சுருக்கமா டி அண்ட் டி. 1974 ஜனவரியில் மூணு சின்னப் புத்தகங்களை ஒரு டப்பாவில் போட்டு, 10 டாலர் விலை வைத்து, மொத்தம் 1000 டப்பா. நண்பர்கள் உட்கார்ந்து கையாலேயே அடுக்கியது. கம்பெனிக்கு மூலதனம்? பால்ய நண்பர் டான் கே தன் இன்ஷூரன்ஸ் பாலிசி மேல் கடன் வாங்கிப் போட்ட காசு, பின்னாடி வந்து சேர்ந்த பிரையன் புளூம் போட்ட காசு. ஒரு வருஷத்துக்குள் அத்தனை டப்பாவும் விற்றுப்போனது. டான் கே அடுத்த ஆட்டத்தைப் பார்க்கவில்லை. 1975 ஜனவரியில் மாரடைப்பில் போய்விட்டார்.

சரி, இது என்னதான் கேம்? போர்டு கிடையாது, சீட்டுக்கட்டு கிடையாது, ஜெயிக்கிறதும் தோற்கிறதும்கூட கிடையாது. நாலைந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்றாங்க. ஒருத்தர் கதை நடத்துபவர். அவருக்கு 'டன்ஜன் மாஸ்டர்' என்று பெயர். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரம். "இருட்டான படிக்கட்டு. கீழே ஒரு கதவு. உள்ளே யாரோ சிரிக்கிற சத்தம். என்ன செய்யறீங்க?" என்று அவர் கேட்பார். ஒருத்தன் கதவை உடைப்பேன் என்பான். ஒருத்தி, 'நானும் கூட சேர்ந்து சிரிப்பேன்' என்பாள். அது நடக்குமா நடக்காதா என்பதை டைஸ் முடிவு பண்ணும். நம்ம தாயக்கட்டைக்கு நாலு பக்கம். இவங்க டைஸுக்கு 20 பக்கம் வரைக்கும் உண்டு. கடையில் அப்படி டைஸ் கிடைக்காத காலம் அது. பள்ளிக்கூடத்துக்குக் கணக்கு சாமான் சப்ளை பண்ணும் கலிபோர்னியா கம்பெனி ஒன்றிடம் வாங்கித்தான் ஆடினார்கள்.

விளையாட்டு அவ்வளவுதான். இதைக் 'கண்டுபிடிச்சது யாரு' என்று கேட்டுப் பாருங்க, அங்கேதான் சிக்கல்.

டப்பா மேல் ரெண்டு பெயர் இருந்தது. கைகாக்ஸ், டேவ் ஆர்னஸன். ரெண்டாவது ஆள் மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் ஊர்க்காரர், காலேஜ் மாணவர். ஆனா அவருக்கும் முன்னாடி ஒருத்தர் இருக்கிறார். அதே வட்டாரத்து நண்பர், டேவிட் வெஸலி. பிசிக்ஸ் மாணவர். 1969-ல் ஒரு போர் விளையாட்டு ஏற்பாடு பண்ணினார். நெப்போலியன் காலம், ப்ரவுன்ஸ்டைன் என்று கற்பனையாக ஒரு ஜெர்மன் ஊர். பொம்மைப் படைகளை நகர்த்திச் சண்டை போடுவதுதான் வழக்கம். வெஸலி கொஞ்சம் மாற்றி யோசித்து, சில பேருக்குப் படைக்குப் பதிலா ஆள் கொடுத்தார். நீ மேயர், நீ பேங்க்காரர், நீ யுனிவர்சிட்டி தலைவர் என்று. அவ்வளவுதான், படை மேஜைக்கு வரவே இல்லை! ஆளாளுக்கு மூலையில் போய் ரகசியம் பேசினார்கள். ரெண்டு பேர் ஒத்தைக்கு ஒத்தை சண்டைக்கே நின்றார்கள். அதுக்கு விதியே கிடையாது, வெஸலி அப்போதைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தார். ராத்திரி முடிந்ததும் 'சொதப்பிட்டேன்' என்று நொந்துபோனார். பசங்களோ 'அடுத்தது எப்போ?' என்று அவரை விடவில்லை.

எனக்கு இந்தக் கதையில் பிடிச்ச இடமே இதுதான். டிசைன் பண்ணினவர் தோல்வி என்று நினைத்ததை, ஆடினவங்க வெற்றி ஆக்கிட்டாங்க.

வெஸலியை ராணுவம் கூப்பிட்டுக்கொண்டது. ஆர்னஸன் அந்த ஐடியாவை எடுத்துக்கொண்டு, 1971-ல் அப்பா அம்மா வீட்டு நிலவறையில் மேஜை போட்டு, நடுவில் ஒரு பிளாஸ்டிக் கோட்டையை வைத்தார். கோட்டை பெயர் பிளாக்மோர். இந்தத் தடவை நெப்போலியன் இல்லை, மந்திரவாதியும் ராட்சசனும். கோட்டைக்குக் கீழே சுரங்கம், சுரங்கத்துக்குள்ளே புதையல், பூதம், பயம். ஆரம்பத்தில் ஒரே அடியில் ஆள் காலி. வாரக்கணக்கில் வளர்த்த வீரன் அப்படிப் பொசுக்கென்று போனால் எவனுக்குத்தான் கடுப்பாகாது? பசங்க முறைத்துக்கொண்டார்கள். ஆர்னஸன் தான் முன்னாடி எழுதி வைத்திருந்த கப்பல் சண்டை விதிகளிலிருந்து ஒரு சமாச்சாரத்தை உருவினார். கப்பல் ஒரே குண்டில் மூழ்காது இல்லையா, இத்தனை அடி தாங்கும் என்று ஒரு கணக்கு இருக்கும். அந்தக் கணக்கை மனுஷனுக்குப் போட்டார். இன்னிக்கு நீங்க மொபைலில் ஆடுற கேமில் தலைக்கு மேல சிவப்புக் கோடு ஒண்ணு குறைஞ்சுக்கிட்டே வருதே, அதன் பாட்டன் அதுதான்.

இன்னொரு கூத்து. பிளாக்மோரில் ஒரு ஆட்டக்காரரின் பாத்திரம் ரத்தக்காட்டேரி ஆகிவிட்டது. பெயர் ஸர் ஃபேங். எவனாலும் அடக்க முடியாத அளவுக்குப் பலம். ஆட்டமே நாறிப்போச்சு. அவனை மடக்க, சிலுவை தூக்குகிற பூசாரி வீரன் ஒருத்தனைக் கொண்டுவந்தார்கள். அந்தப் பூசாரி இன்றுவரை டி அண்ட் டியின் நிரந்தரப் பாத்திர வகை. ஒருத்தன் ரொம்ப ஆடினதுக்காகப் போட்ட பிரேக், உலகத்துக்கே விதி ஆகிவிட்டது.

1972 கடைசியில் ஆர்னஸன் லேக் ஜெனீவா போய் ஒரு ஆட்டம் நடத்திக் காட்டினார். கைகாக்ஸ் சுத்தமா விழுந்துட்டார். ஆர்னஸன் அனுப்பின கைக்குறிப்பு சுமார் 20 பக்கம்தான். கைகாக்ஸ் உட்கார்ந்து அதை முதலில் 50, பிறகு 150 பக்கம் ஆக்கினார். ஒருத்தரிடம் ஐடியா கொட்டுது, எழுத வராது. இன்னொருத்தர் எழுதித் தள்ளுவார், முடிக்காமல் தூங்க மாட்டார். காலேஜ் ப்ராஜெக்ட் டீமில் இந்த ரெண்டு ரகத்தையும் நீங்க பார்த்திருப்பீங்க. யாரு பேரு முதல்ல வரணும்னு கடைசியில் சண்டை வருமே, அதையும் பார்த்திருப்பீங்க.

கைகாக்ஸ் வீட்டு ஆட்டத்தில் முதல் ஆட்டக்காரர்கள் யார் தெரியுமா? அவர் பிள்ளைகள் எர்னி, எலிஸ். அடுத்த நாளே அக்கம்பக்கத்து நண்பர்களும் சேர்ந்துகொண்டார்கள். எர்னி தன் முழுப் பெயர் எர்னஸ்ட்டின் எழுத்துக்களைக் கலைத்துப் போட்டு 'டென்சர்' என்று ஒரு மந்திரவாதி ஆனான். ஜிம் வார்டு என்கிற நண்பர் தன் பெயரைத் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொண்டார். கடைக்குட்டி லூக்கின் கதை இன்னும் தமாஷ். பேப்பரில் ஆண், எல்ஃப் இனம் என்பதற்கு ஆங்கிலத்தில் சுருக்கமாக 'எம் எல்ஃப்' என்று எழுதியிருந்தது. அதையே சேர்த்துப் படித்து 'மெல்ஃப்' என்று பெயர் வைத்தாச்சு. இதெல்லாம் வீட்டோடு போகவில்லை. புத்தகத்தில் மந்திரங்களாக அச்சேறிவிட்டது. டென்சரின் மிதக்கும் தட்டு, மெல்ஃபின் அமில அம்பு. இப்படி.

பூதங்களுக்கும் அதே ரூட்தான். மலிவுக் கடையில் ஹாங்காங் பிளாஸ்டிக் பொம்மைப் பாக்கெட், பேர் தெரியாத விசித்திர மிருகங்கள். அதில் ஒன்றுக்கு வாலில் ஏதோ காற்றாடி மாதிரி இருந்தது. கைகாக்ஸ் அதைப் பார்த்து, தொட்டால் இரும்பைத் துருப்பிடிக்க வைத்துத் தின்கிற பூதம் ஆக்கினார். உயிரை எடுக்கிற பூதத்துக்குப் பயப்படாதவன்கூட, ஆசையாச் சேர்த்த கவசத்தைத் தின்கிற பூதத்தைக் கண்டால் ஓடுவான். ஆளை நல்லாத் தெரிஞ்சு வெச்சவர்!

சாண்டா மோனிகாவில் ஒரு ஹாபி கடையில் ஆடிக்கொண்டிருந்த கும்பல் 'திருடன்' பாத்திரத்தை உருவாக்கியது. போனில் விஷயத்தைக் கேட்ட கைகாக்ஸ் தன் பாணியில் விதி எழுதி, 1975 புத்தகத்தில் சேர்த்துவிட்டார். அதே 1975-ல் லாஸ் ஏஞ்சலஸில் லீ கோல்ட் என்ற பெண்மணி 'அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ்' என்று ஒரு மாதக் கையேடு ஆரம்பித்தார். எழுதுகிறவர்கள் எல்லாம் ஆட்டக்காரர்கள். எங்க மேஜையில் இப்படி நடந்தது, இந்த விதி சரியில்லை, நான் இப்படி மாத்தினேன் என்று மாசாமாசம் சண்டையும் சமாதானமும். சுமார் அரை நூற்றாண்டு ஓடியது அந்தப் பத்திரிகை. அதில் எழுதிக்கொண்டிருந்த ஜோனதன் ட்வீட்தான் பின்னாளில், 2000-ல் வந்த டி அண்ட் டி மூன்றாம் பதிப்பின் டிசைனர் குழுவுக்குத் தலைமை தாங்கினார்.

இதுவரை ஜாலி. காசு வந்ததும் கதை மாறுகிறது.

1977-ல் இருந்து 'அட்வான்ஸ்டு' டி அண்ட் டி என்று தடித் தடிப் புத்தகங்கள் வந்தன. ஆசிரியர் பெயர் கைகாக்ஸ் மட்டும். இது வேற கேம், ராயல்டி கிடையாது என்றது கம்பெனி. ஆர்னஸன் 1979-ல் கேஸ் போட்டார். 1981-ல் கோர்ட்டுக்கு வெளியே பேசி முடித்தார்கள். போன காசு ஓரளவு வந்திருக்கும், போன நட்பு? கைகாக்ஸ் நிலைமையும் ஒண்ணும் ஓஹோ இல்லை. தான் ஆரம்பித்த கம்பெனியின் பிடி 1985-ல் கையை விட்டுப் போனது. அடுத்த வருஷம் வெளியே வந்துவிட்டார். கம்பெனியை 1997-ல் 'விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்' வாங்கியது. அதை 1999-ல் ஹாஸ்ப்ரோ என்கிற பொம்மைக் கம்பெனி வாங்கியது. ஆர்னஸன் ஃபுளோரிடாவில் ஃபுல் செயில் கல்லூரியில் வாத்தியார் ஆனார். பாடம், விளையாட்டுக்கு விதி எழுதுவது எப்படி. கம்ப்யூட்டர் கேம் பண்ண வந்த பசங்களுக்கு, முதலில் பேப்பரில் யோசிக்கச் சொல்லிக் கொடுத்தார். 2008 மார்ச்சில் கைகாக்ஸ், 2009 ஏப்ரலில் ஆர்னஸன், ஒரு வருஷ இடைவெளியில் ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்தார்கள்.

இந்த வேலையில் பணக்காரர் ஆனவர்கள் ரொம்பக் கம்மி. டிசைனர்களில் பாதிப் பேருக்கு வார்த்தைக்கு இத்தனை சென்ட் என்றுதான் சம்பளம். பகலில் வேற வேலை, ராத்திரியில் விதி. ஒரே ஒரு பக்கத்தில் முழு கேமும் எழுதி முடிக்கிற ஆட்களும் இருக்கிறார்கள். ஜான் ஹார்ப்பரின் 'லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ்' அந்த ரகம். உங்க பாத்திரத்துக்கு ஒரே ஒரு நம்பர், அவ்வளவுதான் கணக்கு. இன்னொரு பக்கம் 'கிரிட்டிகல் ரோல்' கும்பல். டப்பிங் கலைஞர்களான நண்பர்கள் தாங்கள் ஆடுவதை 2015-ல் இருந்து கேமரா முன்னாடி ஆடினார்கள். தங்கள் கதையைக் கார்ட்டூன் ஆக்க 2019-ல் ரசிகர்களிடம் 7,50,000 டாலர் கேட்டார்கள். வந்தது 1 கோடியே 13 லட்சம் டாலருக்கு மேல்! கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டுவது என்றால் இதுதான்.

2000-ல் கம்பெனி ஒரு நல்ல காரியம் பண்ணியிருந்தது. அடிப்படை விதிகளை யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் கதை, தங்கள் புத்தகம் போடலாம் என்று ஒரு 'ஓபன்' லைசென்ஸ். அதை நம்பி எத்தனையோ சின்னக் கம்பெனிகள் முளைத்தன. 2023 ஜனவரியில் அதை மாற்றப்போகிற வரைவு ஒன்று வெளியே கசிந்தது. வருஷத்துக்கு 7,50,000 டாலருக்கு மேல் வருமானம் வந்தால், மேலே வருவதில் 25 சதவீதம் வரைக்கும் ராயல்டி. அதோடு, நீங்க எழுதினதைக் கம்பெனியும் பயன்படுத்திக்கும். கொதிச்சுட்டாங்க பசங்க. கம்பெனியின் ஆன்லைன் சந்தாவை ஆளாளுக்கு ரத்து பண்ணினார்கள். அந்த மாதமே, ஜனவரி 27-ந் தேதி கம்பெனி இறங்கி வந்தது. பழைய லைசென்ஸ் அப்படியே இருக்கும் என்றதோடு, அடிப்படை விதிகளை 'கிரியேட்டிவ் காமன்ஸ்' உரிமத்தில் விட்டுவிட்டது. திரும்ப வாங்கிக்கொள்ள முடியாதபடி.

அந்த ஆவணத்தில் மந்திரங்கள் பட்டியலும் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். தேடிப் பார்த்தால் மிதக்கும் தட்டு இருக்கும், அமில அம்பு இருக்கும். டென்சர் இருக்க மாட்டான், மெல்ஃபும் இருக்க மாட்டான். அந்தப் பெயர்களைக் கம்பெனி விட்டுக்கொடுக்கவில்லை.