ஒல்லாந்தர் எழுதிவைத்த சட்டமும் எங்கள் சீதனக் காணியும்



ஒல்லாந்தர் என்றதும் கோட்டையும் பீரங்கியும்தான் எங்கள் நினைவுக்கு வரும். ஒருமுறை உங்கள் வீட்டையே சுற்றிப் பாருங்கள். மேசை லாச்சி, கறிக்கு வாங்கிவந்த போஞ்சி, வளவின் மூலையிலுள்ள கக்கூசு, சுவர் பூச வரும் மேசன் பாஸ், அப்பா வேலைபார்த்த கந்தோர் எல்லாமே அவர்கள் விட்டுச்சென்ற சொற்கள். துட்டு என்ற சொல்லும் அப்படித்தான்.

1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர், 1795இல் ஆங்கிலேயர் வரும்வரை ஆண்டார்கள். ஆண்டது ஓர் அரசன் அல்ல, ஒரு வியாபாரக் கம்பனி. எங்கள் தீவுகளுக்கும் தங்கள் நாட்டு ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள். வேலணை லைடன் ஆயிற்று, புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லெம், காரைநகர் அம்ஸ்ரர்டாம். எங்கள் சனம் அந்தப் பெயர்களைக் கணக்கில் எடுக்கவில்லை. டெல்வ்ற் என்பது மட்டும் நெடுந்தீவோடு ஒட்டிக்கொண்டது.

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடலுக்குள் நிற்கும் கோட்டையைக் கட்டியவர்கள் போர்த்துக்கேயர். ஒல்லாந்தர் அதற்கு ஹம்மன்ஹீல் என்று பெயர் வைத்தார்கள். பன்றித் தொடையின் குதிக்கால் என்று பொருள். வரைபடத்தில் இலங்கை அவர்களுக்கு உப்பிட்ட பன்றித் தொடைபோலத் தெரிந்ததாம்! பிற்காலத்தில் அது சிறையாகவும் இருந்தது. போருக்குப் பின் கடற்படை அதை உல்லாசப் பயணிகளின் விடுதியாக்கியது. நெடுந்தீவுக்குப் போனவர்கள் புறாக்கூட்டையும் மட்டக்குதிரைகளையும் பார்த்திருப்பீர்கள்.

இவை பார்த்துவிட்டு வரும் பொருட்கள். ஒல்லாந்தர் காலத்து விடயம் ஒன்று இன்னும் எங்கள் காணி உறுதிக்குள் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த மாதம் எழுத நினைத்தேன்.

வரி அறவிடவும் வழக்குத் தீர்க்கவும் கம்பனிக்கு எழுத்து வேண்டியிருந்தது. யாருக்கு எந்தக் காணி என்பதைத் தோம்புகளில் பதிந்தார்கள். தேசாதிபதி சைமன்ஸின் கட்டளைப்படி, யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி எங்கள் ஊர் வழக்கங்களைத் திரட்டி எழுதினார். அது தமிழில் மொழிபெயர்க்கப்பட்டு, பன்னிரண்டு தமிழ் முதலியார்கள் சரிபார்த்து ஒப்புக்கொள்ள, 1707இல் சட்டமாயிற்று. அதுதான் தேசவழமை. 1806இல் ஆங்கிலேயரும் அதை ஏற்றுக்கொண்டார்கள். பன்னிரண்டு பேரும் ஆண்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆனாலும் அதில் பெண்ணுக்கு இடம் இருந்தது. தகப்பன்வழி முதுசொம் ஆண்பிள்ளைகளுக்கு, தாயின் சீதனம் பெண்பிள்ளைகளுக்கு என்பது பழைய வழக்கமாக அதில் எழுதப்பட்டிருக்கிறது. கல்யாணத்தின் பின் சம்பாதித்தது தேடியதேட்டம். சீதனக் காணி கணவனுடையதல்ல, மனைவியுடையது. ஐரோப்பாவில் பல நாடுகளில் மனைவியின் சொத்துக் கணவன் கைக்குப் போன காலத்தில் இது சிறிய விடயமல்ல.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. காணி அவளுடையது, ஆனால் அதை விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். 1911இல் வந்த யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டமும் இதை அப்படியே வைத்திருக்கிறது. கணவன் தன் காணியை விற்க மனைவியின் சம்மதம் தேவையில்லை. இது நியாயமில்லை என்று பெண்கள் அமைப்புகள் பல காலமாகச் சொல்லிவருகின்றன. நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

கணவர் உயிரோடு பக்கத்தில் இருந்தால் ஒரு கையெழுத்தோடு முடிந்துவிடும். காணாமற்போனவராக இருந்தால்? புங்குடுதீவுச் சகோதரி ஒருவர், கூரை போடவும் மகளைப் படிப்பிக்கவும் சீதனக் காணியில் ஒரு துண்டை விற்கப் போனார். நொத்தாரிசு கேட்ட முதல் கேள்வி, "அவர் எங்கே அம்மா?" அவர் பதில் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டார். "செத்திட்டார் எண்டு எழுதித் தந்தால்தான் விற்கலாமாம். நான் எப்பிடி எழுதுவன் அக்கா?" என்று என்னிடம் கேட்டார்.

அப்படி எழுதத் தேவையில்லை. அதே 1911ஆம் ஆண்டுச் சட்டத்தில் வழி இருக்கிறது. கணவன் கைவிட்டுப் போனாலும், இருக்குமிடம் தெரியாவிட்டாலும், காரணமில்லாமல் சம்மதிக்க மறுத்தாலும், மனைவி மாவட்ட நீதிமன்றத்துக்கு மனுக் கொடுக்கலாம். கணவனின் சம்மதமில்லாமலே காணியை விற்க நீதிமன்றம் அனுமதி அளிக்கலாம். இன்னொன்று, உங்கள் காணியை யாருக்கென்று மரணசாசனம் எழுதி வைப்பதற்குக் கணவனின் சம்மதம் தேவையில்லை. கணவர் இறந்தவர்களுக்கு இந்தச் சம்மதப் பிரச்சினையே இல்லை. இதைத் தெரியாமல் மைத்துனரிடம் கையெழுத்துக்கு அலைபவர்களைக் கண்டிருக்கிறேன்.

1990இல் தீவுகளை விட்டு ஓடியபோது உறுதி வைத்த பெட்டிகளும் போய்விட்டன என்பீர்கள். நொத்தாரிசு எழுதும் ஒவ்வோர் உறுதியின் இணைப்பிரதியும் காணிப் பதிவகத்துக்குப் போகவேண்டும் என்பது சட்டம். அது அங்கே இருந்தால் கட்டணம் கட்டி உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம். உறுதி இலக்கம், எழுதிய நொத்தாரிசின் பெயர், காணியின் பெயர், ஏறக்குறைய எந்த வருடம் என்பவற்றை வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தில் கேட்கலாம். போகும்போது அடையாள அட்டையையும் விவாகப் பதிவுச் சான்றிதழையும் மறக்காதீர்கள். கணவர் காணாமற்போனது பற்றிக் கொடுத்த முறைப்பாட்டின் துண்டு பழுப்பேறிக் கிழிந்திருந்தாலும் அதையும் எடுத்துச் செல்லுங்கள்.